என்னை வீரத்தாய் என்று சொல்லாதீர்கள்

என் மகன் தென் சூடானில் இருக்கிறான். எனக்குப் பயமாக இருக்கிறது.

இந்த இரண்டில் முதல் வாக்கியத்தை எங்கள் ஊர் நத்தத்தில் எங்கே வேண்டுமானாலும் சொல்லலாம். பஸ் ஸ்டாண்டில் சொல்லலாம், ரேஷன் கடை வரிசையில் சொல்லலாம். கேட்டவர் முகம் மலரும். "ஐ.நா. படையா டீச்சர்? பெரிய விஷயம்ல!" என்பார்கள். இரண்டாவதைச் சொன்னால் அதே முகம் சுருங்கும். "நீங்களே இப்படிப் பேசலாமா?" என்று கேட்பார்கள். அந்த "நீங்களே"க்குள் எல்லாம் இருக்கிறது. முப்பத்திரண்டு வருஷம் தமிழ் நடத்தியவள், புறநானூற்றைக் கரும்பலகையில் எழுதிப்போட்டவள், பிள்ளையைப் பட்டாளத்துக்கு அனுப்பிவிட்டுப் பயப்படலாமா?

போன குடியரசு தினத்தன்று ஒரு பள்ளிக்கூடத்தில் கொடியேற்றம். என்னையும் என் வீட்டுக்காரரையும் கூப்பிட்டுச் சால்வை போட்டார்கள். பேசியவர் நல்ல மனிதர், என் மகனுக்கும் பாடம் எடுத்தவர். நாட்டுக்குப் பிள்ளையைக் கொடுத்த தாய் அழமாட்டாள், அழுதால் அவள் வீரத்தாய் இல்லை என்று அவர் குரலை உயர்த்தியபோது பிள்ளைகள் கைதட்டினார்கள். அப்போது என் மடியில், சேலை முந்தானைக்கு அடியில், போன் இருந்தது. மூன்று நாளாக அவனிடமிருந்து ஒரு சேதியும் இல்லை. கைதட்டல் ஓய்கிறவரை போன் அதிர்கிறதா என்று விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அந்தப் பேச்சுக்கு அன்றைக்கு மேடையில் பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இங்கே சொல்கிறேன். அது ஒருவர் பேச்சும் இல்லை. சினிமாவில், பட்டிமன்றத்தில், ஆகஸ்ட் 15க்கு ஒட்டுகிற பிளெக்ஸில் எல்லாம் அதே பேச்சுதான். பெற்றவள் கண்கலங்காமல் நிற்க வேண்டும், அதுதான் தமிழ் மரபு, அதுதான் நாட்டுப்பற்று, அதுதான் பிள்ளைக்கும் நல்லது என்று மூன்றையும் சேர்த்துக் கட்டிய பேச்சு. மூன்றும் தவறு.

மரபிலிருந்து தொடங்குகிறேன், அது என் பாடம்.

மேடையில் எல்லோரும் எடுத்துக்காட்டுவது புறநானூற்றின் 279ஆம் பாட்டை. பாடியவர் ஒக்கூர் மாசாத்தியார். ஒக்கூர் சிவகங்கைப் பக்கம், நம் ஊரிலிருந்து அப்படியொன்றும் தூரமில்லை. முன்பு நடந்த போரில் பிறந்த வீட்டு உறவைப் பறிகொடுத்தவள், நேற்றைய போரில் கணவனைப் பறிகொடுத்தவள், இன்றைக்குப் பறைச்சத்தம் கேட்டதும் தன் ஒரே மகனைக் கூப்பிட்டு, தலைக்கு எண்ணெய் தடவி, வெள்ளைத் துணி உடுத்தி, கையில் வேலைக் கொடுத்துப் போ என்கிறாள். இதுதான் கதை. ஆனால் பாட்டு எப்படித் தொடங்குகிறது? அந்தத் தாயின் மனத்தைக் கெட்டுப்போகட்டும் என்று சபித்துத் தொடங்குகிறது. அவள் துணிவு கொடியது என்று சொல்லித் தொடங்குகிறது. இது இகழ்வதுபோலப் புகழ்வது என்று நோட்ஸில் இருக்கும். நானும் அப்படித்தான் எழுதிப்போட்டேன். பரீட்சைக்கு அது இரண்டு மார்க்.

இப்போது அப்படி எழுத என் கை வராது. பாடியவரும் ஒரு பெண். எதிரே ஒருத்தி, தலை வாரத் தெரியாத வயதுப் பையனைப் போருக்கு அனுப்புவதைப் பார்க்கிறாள். பதறுகிறாள். வியப்பும் இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் முதலில் வாயில் வந்தது சாபம். அந்தப் பதற்றத்தை நாம்தான் வழித்து எறிந்துவிட்டு, மிச்சத்தை வீரம் என்று பிள்ளைகளுக்கு ஊட்டினோம். அந்தப் பையனுக்கு என்ன வயது என்று முப்பத்திரண்டு வருஷத்தில் ஒரு வகுப்பிலும் நான் கேட்டதில்லை.

இன்னொரு பாட்டு 86. காவற்பெண்டு பாடியது. வீட்டுத் தூணைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி கேட்கிறாள், உன் மகன் எங்கே என்று. புலி இருந்துவிட்டுப் போன குகை என் வயிறு, அவன் போர்க்களத்தில் தென்படுவான் என்று தாய் சொல்வதைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். அதற்கு முன்னால் அவள் சொல்கிற பதிலை யாரும் காட்டுவதில்லை. அவன் எங்கே இருக்கிறான் என்று எனக்குத் தெரியாது என்கிறாள். நேரான பதில் அதுதான். புலியும் குகையும் அதற்கு அப்புறம் வருகின்றன, தெரியாமையைத் தாங்கிக்கொள்ள ஒருத்தி தேடிப் பிடித்த சொற்களாக. எங்கள் வீட்டு வாசல் கிரில்லைப் பிடித்துக்கொண்டு பக்கத்து வீட்டம்மா கேட்கிறார், "தம்பி இப்ப எங்க டீச்சர் இருக்கான்?" நானும் அதே பதிலைத்தான் சொல்கிறேன். காவற்பெண்டுக்குக் கிடைத்ததுபோல அடுத்த வரி எனக்குக் கிடைக்கவில்லை.

வாய் திறந்து பேசிய தாயைப் பாட்டிலாவது பார்க்கலாம், கல்லில் அதுவும் கிடையாது. ஆண்டிபட்டிப் பக்கம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த நடுகற்கள் தமிழி எழுத்தில் உள்ளவை, நாட்டிலேயே மிகப் பழைய நடுகற்கள் என்று கொண்டாடுகிறோம். செத்தவன் பெயர் இருக்கிறது, ஆநிரைச் சண்டை இருக்கிறது, பெற்றவள் இல்லை. முதல் உலகப் போருக்குப் பிறகு வெள்ளைக்காரன் நம் கிராமங்களில் பதித்த கல்லில் செத்தவன் பெயர்கூட இல்லை. இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போனார்கள், அதில் இத்தனை பேர் உயிர்விட்டார்கள் என்று வெறும் எண்ணிக்கை. பாளையங்கோட்டைப் பெயரைத் தாங்கிய 63ஆம் படை 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்காவில் இறக்கிவிடப்பட்டுச் சிதறியது. டாங்கா எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்க அந்தப் பையன்களைப் பெற்றவர்களுக்கு யார் இருந்தார்கள்? அவ்வளவு தூரம் எதற்கு, நம் நத்தம் கணவாயிலேயே 1755 மே மாதம் கர்னல் ஹெரானின் கம்பெனிப் படையைக் கள்ளர்கள் மறித்து அடித்தார்கள். அந்தப் படை கொள்ளையடித்த கோயில் விக்கிரகங்களை மீட்டது நமக்குப் பெருமைதான். அன்று விழுந்த சிப்பாய்களும் எந்த ஊர் ஆத்தாவோ பெற்ற பிள்ளைகள். அவர்களுக்காக அழுதவர்கள் எந்த ஏட்டிலும் இல்லை. அழுகை எழுதப்படாமல் போனதை வைத்து அழவே இல்லை என்று முடிவு கட்டுவது என்ன நியாயம்?

அடுத்தது, நீ அழுதால் அவன் மனசு உடையும் என்பது. இதைச் சொல்கிறவர்கள் அக்கறையில் சொல்கிறார்கள். என் நாத்தனார் சொன்னார், என் சொந்த அக்கா சொன்னார். அதை நம்பி எட்டு மாதம் நடித்தேன். வீடியோ காலில் வந்தால் முகத்தைக் கழுவி, பொட்டு வைத்து, விளக்கைப் போட்டுக்கொண்டுதான் உட்காருவேன். "நல்லா இருக்கோம்ப்பா, அப்பா கடைக்குப் போயிருக்காரு." அவன் பங்குக்கு அவனும். "இங்க ஒண்ணுமே இல்லம்மா, கேம்ப்ப விட்டு வெளியவே போறதில்ல." இரண்டு பேரும் சிரிப்போம். கால் முடிந்ததும் அவன் பின்னால் தெரிந்த மணல்மூட்டைகளை நினைத்துக்கொண்டு படுப்பேன்.

ஒருநாள் அவனே உடைத்தான். "அம்மா, நீ நல்லா இருக்கேன்னு சொல்றப்பதான் எனக்குச் சந்தேகமா இருக்கு. அப்பாவுக்கு ஏதும் முடியலயா? எதையோ மறைக்கிற." எனக்கு வாயடைத்துப்போயிற்று. அவன் துப்பாக்கியோடு நின்றுகொண்டு என் பொய்யைத் துருவிக்கொண்டிருந்திருக்கிறான். அன்றைக்குச் சொன்னேன், எனக்குப் பயமாக இருக்கிறது என்று. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "எனக்கும் சில நாள் ராத்திரி இருக்கும்மா" என்றான். அதற்குப் பிறகு எங்கள் பேச்சு மாறிவிட்டது. என்ன சாப்பாடு, எந்த ஊர்க்காரப் பையன் பக்கத்துக் கட்டில், ரோந்துக்குப் போனால் எத்தனை நாள் பேச முடியாது என்று எல்லாம் சொல்கிறான். மூன்று நாள் பேச்சில்லை என்றால் ரோந்து என்று இப்போது எனக்குத் தெரியும். முன்பு தெரியாது. என் கண்ணீர் அவனை உடைக்கவில்லை. அவனிடமிருந்து எனக்கு ஒரு கணக்கை வாங்கித் தந்தது.

அப்பாக்களைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லாமல் போக முடியாது. வீரத்தாய் என்றாவது ஒரு சொல் இருக்கிறது, தகப்பனுக்கு அதுவும் கிடையாது. அவர் பயப்படவும் கூடாது, பாராட்டப்படவும் மாட்டார். என் வீட்டுக்காரர் சட்டை தைக்கிற சின்ன யூனிட் வைத்திருக்கிறார், நத்தத்தில் பாதித் தெருக்களில் கேட்கிற அதே மிஷின் சத்தம். ஒவ்வொரு தீபாவளிக்கும் மகனுக்கு அவரே வெட்டி, அவரே தைப்பார். அளவு அட்டை கல்லா மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது, மார்பு 40, கழுத்து பதினைந்தரை. அவன் போனதிலிருந்து வேறு வேலைக்குத் துணி வெட்டும்போதுகூட 40ஆம் அளவு வந்தால் கையை எடுத்துவிடுகிறார். வெட்டுகிற பையனிடம், "நீ வெட்டுப்பா" என்று கொடுத்துவிட்டு வெளியே போய் நிற்கிறார். பிரஷர் மாத்திரை இரண்டாகிவிட்டது. யாரிடமும் ஒன்றும் சொன்னதில்லை. இதைத்தான் மன உறுதி என்கிறார்கள்.

இப்போதுதான் போன் இருக்கிறதே, அந்தக் காலம் மாதிரியா என்று ஒரு சமாதானம் உண்டு. அந்தக் காலத்தையும் நான் பார்த்தேன். என் கொழுந்தனார் பட்டாளத்தில் இருந்தார். கடிதத்தில் ஊர்ப்பெயர் இருக்காது. பெயர், நம்பர், யூனிட், அப்புறம் 56 ஏ.பி.ஓ. என்று மட்டும் இருக்கும். எந்த மலையில் நின்றாலும் அதே விலாசம். என் மாமியார் 56 ஏ.பி.ஓ. என்பது காஷ்மீரில் ஓர் ஊர் என்றே கடைசிவரை நம்பியிருந்தார். அங்கே மழை பெய்யுமா, கோயில் இருக்குமா என்று கேட்பார். தபால்காரர் நீலக் கடிதத்தோடு வந்தால் சந்தோஷம், தந்தி என்று சொன்னால் தெருவே வெளியே வந்துவிடும். 2013 ஜூலையில் தந்தி நின்றுபோனது.

தந்திக்காக நடுங்கியது வருஷத்தில் ஒரு தடவையோ இரண்டு தடவையோ. போன் கையிலேயே இருக்கிறது. தென் சூடானில் மணி நம்மைவிட மூன்றரை மணிநேரம் பின்னால். நான் எட்டரைக்குச் சாப்பிட்டு எழும்போது அங்கே சாயங்காலம் ஐந்து. பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் அவன் பெயருக்குக் கீழே கடைசியாகப் பார்த்த நேரம் தெரியும். அந்த நேரம் மாறுகிறதா என்று பார்த்துக்கொண்டே படுத்திருக்கிறேன். ராத்திரி ஒரு மணிக்கு எழுந்து பார்த்தால், அவன் எப்போது வந்துவிட்டுப் போனான் என்று எழுதியிருக்கும். ஒன்றும் பேசவில்லை, ஆனால் உயிரோடு இருக்கிறான். அந்தச் சின்ன எழுத்தைப் பார்த்துத்தான் மறுபடி தூங்கப் போகிறேன்.

அதே போனில்தான் செய்தியும் வருகிறது. 2025 மார்ச் 7, மாசி மாதம். மேல் நைல் மாநிலத்தில் நாசிர் என்கிற இடத்தில் ஐ.நா. ஹெலிகாப்டர்மீது துப்பாக்கிச் சூடு, ஒருவர் பலி என்று போன் திரையில் ஒரு வரி ஓடியது. என் மகன் இருக்கிற மலக்கால்தான் அந்த மாநிலத்தின் தலைநகர். செத்தவர் யார், எந்த நாட்டுக்காரர் என்று அந்த வரியில் இல்லை. கூப்பிட்டேன், ரிங்கே போகவில்லை. என் வீட்டுக்காரர் திண்டுக்கல்லில் விசாரித்தார், தெரிந்த முன்னாள் ராணுவத்தினரைக் கேட்டார். ஓர் அலுவலகத்தில், "ஏதாவதுன்னா தகவல் வரும் சார், வரலைன்னா நல்லதுன்னு வச்சுக்கங்க" என்றார்கள். கேலியாகச் சொல்லவில்லை. அவர்களுக்கும் அதற்குமேல் தெரியவில்லை. செத்தவர் ஹெலிகாப்டர் ஊழியர் ஒருவர் என்று பிறகு வந்தது. வேறு யாரோ என்று தெரிந்த நொடியில் எனக்கு வந்தது நிம்மதி. அந்த நிம்மதிக்காக நான் இன்றைக்கும் வெட்கப்படுகிறேன். அவருக்கும் ஒரு வீடு இருக்கும்.

ஆறுதலுக்குக் கணக்குச் சொல்கிறவர்களும் உண்டு. இதுவரை 2,90,000க்கும் மேற்பட்ட இந்தியர்கள் ஐ.நா. அமைதிப் படைகளில் போய்வந்திருக்கிறார்கள், ஐம்பதுக்கும் அதிகமான பணிகளில். திரும்பாதவர்கள் ஏறக்குறைய 180 பேர். ஆயிரத்துக்கு ஒருவர்கூட இல்லையே டீச்சர் என்கிறார்கள். கணக்கு சரிதான். 2013 ஏப்ரலில் இதே தென் சூடானின் ஜொங்லெய் மாநிலத்தில் வழிமறித்துச் சுட்டதில் ஐந்து இந்திய வீரர்கள் போனார்கள். அதே வருஷம் டிசம்பரில் அகோபோ முகாமுக்குள் புகுந்து இருவரைக் கொன்றார்கள். அடைக்கலம் தேடி வந்த ஜனங்களைக் காக்க நின்றவர்கள் அவர்கள். அந்த வேலையின் மதிப்பு எனக்குத் தெரியும், அதனால்தான் போகாதே என்று அவனைத் தடுக்கவில்லை. ஆனால் கணக்கு என்பது ஊருக்கு. எனக்கு இருப்பது ஒன்று. ஒன்றுக்கு விழுக்காடு போட முடியாது.

பெருமை பயத்தைத் துடைத்துவிடும் என்று நம்புகிறவர்கள் 2016 பிப்ரவரியை ஒரு தடவை நாள்நாளாக நினைத்துப் பார்க்க வேண்டும். 3ஆம் தேதி சியாச்சினில், பத்தொன்பதாயிரம் அடிக்கும் மேலே, சோனம் காவல் நிலையின்மீது பனிப்பாறை சரிந்தது. உள்ளே மதராஸ் ரெஜிமென்டின் 19ஆம் பட்டாலியனைச் சேர்ந்த பத்துப் பேர். நால்வர் நம் தமிழ்நாட்டுப் பிள்ளைகள், அதில் மதுரை மாவட்டத்துக்காரர் ஒருவர், தேனி மாவட்டத்துக்காரர் ஒருவர். மறுநாளே இறந்துவிட்டார்கள் என்று இரங்கல் வந்துவிட்டது. வீடுகளில் பிளெக்ஸ், வீரவணக்கம், வரிசையாகத் தலைவர்கள். அப்புறம் 8ஆம் தேதி இரவு, பனிக்கு அடியிலிருந்து கர்நாடகத்து ஹனுமந்தப்பா உயிரோடு எடுக்கப்பட்டார். ஆறு நாள் கழித்து.

அந்த ஓர் இரவை நினைத்துப் பாருங்கள். பிள்ளை செத்தான் என்று தலைமுழுகப் போனவர்கள் வீட்டில், ஒருத்தன் உயிரோடு இருக்கிறான் என்று டி.வி. சொல்கிறது. அப்படியானால் நம் பிள்ளை? அந்தக் கேள்வி எழுந்த வீட்டில் வீரத்தாய் என்ற சொல்லுக்கு என்ன வேலை? மற்ற ஒன்பது பேரும் உடலாகத்தான் கிடைத்தார்கள். 11ஆம் தேதி டெல்லியில் ஹனுமந்தப்பாவும் போய்விட்டார். ஒரு வாரத்தில் இரண்டு தடவை பிள்ளையை இழந்தவர்களிடம் போய், அழாதே, பெருமைப்படு என்று சொல்ல நமக்கு எப்படி நா எழுந்தது?

பெருமை என்பது ஊர் கொடுப்பது. ஊர் கொடுத்ததை ஊர் எடுத்துக்கொள்ளும். இதற்குச் சாட்சி எங்கள் தெருவிலேயே இருந்தார், ஒரு பெரியாத்தா. 1987 ஜூலை 29ஆம் தேதி கொழும்பில் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டதும், மறுநாளே நம் படை கடல் தாண்டி இறங்கியது. அதில் அவர் மகனும் போனார். முதல் இரண்டு மாதம் பெரியாத்தா ராஜாத்திதான். தமிழ்ச் சனத்தைக் காப்பாற்றப் போயிருக்கான் என்று தெருவே கொண்டாடியது. அக்டோபரில் சண்டை புலிகளோடு என்று திரும்பியது. அந்தப் போரில் யாழ்ப்பாணத்துத் தமிழர் பட்டதை, அக்டோபர் 21 அன்று யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்குள் நடந்த கொலைகளை, அறிந்த எவரும் லேசாகப் பேச மாட்டார்கள். அந்தக் கோபம் நியாயமானது, எனக்கும் இருந்தது. ஆனால் அந்தக் கோபத்தின் சூடு ஒரு கிழவியின் தலையிலும் விழுந்தது. கேட்டால், "பெங்களூர்ல இருக்கான்" என்று சொல்ல ஆரம்பித்தார். இரண்டரை வருஷம் அப்படித்தான் சொன்னார். வேண்டுதலைக்கூட வாய்விட்டுச் சொல்லவில்லை.

1990 மார்ச் 24 அன்று திருகோணமலையிலிருந்து கடைசிப் பிரிவு கிளம்பியது. திரும்பாதவர்கள் ஆயிரத்து நூறுக்கும் மேல். சென்னையில் நடந்த வரவேற்புக்கு அன்றைய முதல்வர் கலைஞர் போகவில்லை. அரசியலில் அதற்குக் காரணம் உண்டு, அதை நான் இங்கே வழக்காட வரவில்லை. பெரியாத்தாவின் மகன் உயிரோடு வந்தார், டிரங்குப் பெட்டியை இறக்கினார், அங்கே நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கிழவிக்கு யாரும் சால்வை போடவில்லை. அக்கரையில், மட்டக்களப்பு மாமாங்கேஸ்வரர் கோயிலில், சண்டையை நிறுத்திப் பேசுங்கள் என்று கேட்டு 1988 மார்ச் 19 அன்று பட்டினி கிடக்கத் தொடங்கிய அன்னை பூபதி ஒரு மாதத்தில் உயிர்விட்டார். அவர் பத்துப் பிள்ளை பெற்றவர். சண்டை நிற்கட்டும் என்ற அந்தத் தாயின் கோரிக்கை நடக்கவில்லை, நினைவிடம் மட்டும் வந்தது.

கரைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தாய்மார் கேட்டது ஒன்றுதான். இரண்டு பக்கமும் அவர்களுக்குக் கிடைத்தது பட்டமோ மௌனமோ. பெரியாத்தாவின் மகன் காஷ்மீரில் நின்றிருந்தால் அவர் வீரத்தாய். வவுனியாவில் நின்றதால் ஒன்றுமில்லை. பிள்ளையை அனுப்பிய மனசு இரண்டுக்கும் ஒன்றுதானே? அப்படியென்றால் அந்தப் பட்டம் தாயைப் பற்றியது இல்லை. நாம் அந்தந்த நேரத்தில் எந்தப் போரைக் கொண்டாடுகிறோம் என்பதைப் பற்றியது. அதை ஏன் நான் தலையில் சூடிக்கொள்ள வேண்டும்?

அரசு ஒன்றுமே செய்வதில்லை என்று சொல்ல மாட்டேன். ஒரே பிள்ளையைப் படைக்கு அனுப்பிய பெற்றோருக்கும், ஒன்றுக்கு மேற்பட்ட பிள்ளைகளை அனுப்பியவர்களுக்கும் தமிழக அரசு போர்ப்பணி ஊக்க மானியமும் வெள்ளிப் பதக்கமும் தருகிறது. எங்களுக்கும் வந்தது, நன்றியோடு வாங்கிக்கொண்டோம், பீரோவில் இருக்கிறது. பதக்கம் கொடுக்கத் தெரிந்த இடத்தில் ஒரு போன் நம்பர் கொடுக்க முடியாதா என்றுதான் கேட்கிறேன். கடல் கடந்து அனுப்புகிற பட்டாலியன் கிளம்புவதற்கு முன்னால், பெற்றோருக்குத் தமிழில் ஒரு கடிதம். எந்த நாடு, ஏறக்குறைய எவ்வளவு காலம், பேச்சு எப்போது நிற்கும், நின்றால் எத்தனை நாள் கழித்துக் கவலைப்படுவது, யாரைக் கூப்பிடுவது. ரகசியம் எதையும் கேட்கவில்லை. மார்ச் 7 மாதிரி ஒரு நாளில், இந்தியப் பிரிவில் எல்லோரும் நலம் என்று ஒரு வரி குறுஞ்செய்தி. சிலிண்டர் கிளம்பிவிட்டது என்று சொல்ல முடிகிற தேசத்தில் இது பெரிய காரியம் கிடையாது. மாவட்டத்தில் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. பெயரிலேயே முன்னாள். பணியில் இருக்கிறவனைப் பெற்றவர்கள் போய் உட்கார்ந்து பேசவும் அங்கே ஒரு நாற்காலி, ஒரு நாள் வேண்டும்.

கல்யாணமான பையனைப் பெற்றவர்கள் நிலைமை இன்னும் சிக்கல். அதுவரை நெருங்கிய உறவு என்று பதிவில் இருந்த பெற்றோர் போய் மனைவி வருகிறாள். சியாச்சினில் 2023 ஜூலையில் தீ விபத்தில் இறந்த கேப்டன் அன்ஷுமன் சிங்குக்கு மறுவருஷம் கீர்த்தி சக்ரா கொடுத்தபோது, அவரைப் பெற்றவர்கள் இந்த விதியை மாற்ற வேண்டும் என்று பேசினார்கள். உடனே ஊர் அந்த இளம் விதவையை ஏசத் தொடங்கியது. அது கொடுமை. மருமகளிடமிருந்து ஒரு பைசாவையும் பிடுங்கச் சொல்லி நான் கேட்கவில்லை, அவள் வாழ வேண்டியவள். பிடுங்காமலே பெற்றவர்களுக்கும் ஓர் இடம் வைக்கலாம். தகவலாவது இரண்டு வீட்டுக்கும் போகலாம். வீரத்தாய் வீரத்தாய் என்று நாற்பது தடவை சொல்கிற மேடைகளில் இதை ஒருவராவது பேசி நான் கேட்டதில்லை. பட்டம் கொடுத்தாயிற்று, இனி கேட்க என்ன இருக்கிறது என்று அந்தச் சொல்லே வாயை அடைத்துவிடுகிறது. எனக்கு அந்தச் சொல்மேல் கோபம் அதனால்தான்.

நாங்கள் பயப்பட அனுமதி உள்ள இடம் இந்த ஊரில் ஒன்றுதான், மாரியம்மன் கோயில். மாசித் திருவிழாவுக்குக் கரந்தமலைத் தீர்த்தம் எடுத்து வந்து, மஞ்சள் உடுத்தி விரதம் இருந்து, பூக்குழி இறங்குகிறோம். போன மாசியில் நானும் மஞ்சள் உடுத்தியிருந்தேன். வரிசையில் எனக்கு முன்னால் நின்றவளுக்குப் பிள்ளை வளைகுடாவில், பின்னால் நின்றவளுக்குப் பிள்ளை ஆஸ்பத்திரியில். மூவரும் அழுதோம், யாரும் யாரையும் ஏன் என்று கேட்கவில்லை. மாரியம்மனிடம் போய் நின்று, ஆத்தா என் பிள்ளையைக் காப்பாற்று என்று கதறினால் அது பக்தி. அதே சொல்லைக் கலெக்டர் ஆபீஸில் சொன்னால் கோழைத்தனமா?

பெருமை இல்லையா என்று கேட்டால் இருக்கிறது. அவன் சீருடைப் படம் ஹாலில் மாட்டியிருக்கிறது, வருகிறவர்களுக்கு நானே காட்டுவேன். வெலிங்டனில் பயிற்சி முடிந்து அணிவகுத்து வந்த அன்றைக்கு வரிசையில் அவனை அடையாளம் தெரியாமல் தேடி, நடையை வைத்துக் கண்டுபிடித்தேன். அன்றைக்கும் அழுதேன், அதை யாரும் குறை சொல்லவில்லை. அது ஆனந்தக் கண்ணீராம்.

போன வாரம் பின்தெருப் பெண் ஒருத்தி டப்பாவில் கேசரியோடு வந்தாள், என்னிடம் படித்தவள்தான். மகன் அக்னிவீரர் ஆள்சேர்ப்பில் தேறிவிட்டானாம். நான்கு வருஷம், அதற்குப் பிறகு நால்வரில் ஒருவரை வைத்துக்கொள்வார்களாம். எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டே சொன்னாள். கிளம்பும்போது வாசலில் நின்று, செருப்பைப் போடாமல், "டீச்சர், ஒண்ணு கேக்கட்டா? பயமா இருக்குமா?" என்றாள்.

"இருக்கும்டி. உள்ள வா."

காபி போட்டேன். அவள் அழுது முடிக்கிறவரை நான் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு பழைய காலண்டர் தாள் ஒன்றைத் திருப்பிப் போட்டு எழுதிக்கொள்ளச் சொன்னேன். அவன் ஆர்மி நம்பர், கிடைத்த அன்றே. யூனிட் பெயர். ரெக்கார்டு ஆபீஸ் போன். கூடச் சேர்ந்த இரண்டு பையன்களின் வீட்டு நம்பர், ஏனென்றால் ஒருத்தன் பேசாவிட்டால் இன்னொருத்தன் பேசியிருப்பான். லீவில் வரும்போது பதிவில் யார் பெயர் இருக்கிறது என்று அவனிடம் கேட்டு வைத்துக்கொள். ராத்திரி ஒரு மணிக்கு முழிப்பு வந்தால் எனக்குப் போன் அடி, நானும் முழித்துத்தான் இருப்பேன். கடைசியில் என் நம்பரை அவளே எழுதிக்கொண்டாள், பெரிய எழுத்தில், இரண்டு தடவை.